பொதிக்கு ஒரு பிடி

கழுதை எதிரே வந்தால் மனிதர்கள் ஒதுங்கி வழிவிட்ட காலம் ஒன்று இருந்தது. சிரிக்காதீர்கள். ஊருக்கான பொதியெல்லாம் அன்றைக்குக் கழுதை முதுகில்தான் வந்தது. சுமக்கிறவனுக்கு வழிவிடுவது அந்தக் காலத்து மரியாதை. அப்போது நொச்சியாற்றங்கரையில் பூவணை என்று ஓர் ஊர் இருந்தது. அதை வழுதிகண்டன் என்ற அரசன் ஆண்டுவந்தான். அவனுக்குப் பந்தயம் என்றால் உயிர். தன் பச்சைக்கிளி என்றால் அதைவிட உயிர்.

பூவணைக்கு மூன்று சொத்து. தண்ணீருக்கு ஓர் ஏரி, ஆற்றைக் கடக்க ஒரு பாலம், ஊரைச் சுற்றிவரக் காவலர். மூன்றுக்கும் சேர்த்து வரி ஒன்றே ஒன்றுதான். பொதிக்கு ஒரு பிடி.

விதி மிகவும் எளிது. ஆற்றைத் தாண்டிச் சந்தைக்குப் போகிறவர் பாலத்தின் முகப்பில் நிற்க வேண்டும். பொதி ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு பிடி தானியம் எடுத்து அரசனின் மரத்தொட்டியில் போட வேண்டும். யார் கையால் ஒரு பிடி? கொடுக்கிறவர் கையால்தான். அரசனின் தாத்தா ஏற்படுத்திய வழக்கம் அது. வாங்குகிறவனின் கையை அளவாக வைத்தால் வருஷத்துக்கு வருஷம் அந்தக் கை பெரிதாகிக்கொண்டே போகும் என்று அவர் சொன்னாராம். விவரமான மனிதர்.

அந்த ஊரில் சாத்தப்பன் என்று ஒரு பயறு வணிகர் இருந்தார். பன்னிரண்டு கழுதைகள் வைத்திருந்தார். துவரை, உளுந்து, பச்சைப்பயறு எல்லாம் வாங்கி விற்பார். நல்ல மனிதர், உழைப்பாளி, வாய் கொஞ்சம் நீளம். கடவுள் அவருக்கு ஒரே ஒரு குறை வைத்துவிட்டார். கை பெரிது. சாதாரணப் பெரிது இல்லை, முறம் மாதிரி. ஊரில் மற்றவர்கள் இரண்டு பிடி போட்டால் அவருடைய ஒரு பிடிக்குச் சமம். பாலத்து முகப்பில் ஒவ்வொரு முறையும் அவருக்கு வயிறு எரிந்தது.

சும்மா இருப்பாரா? மூன்று தந்திரம் செய்து பார்த்தார்.

முதலில் விரல்களைப் பாதி மடக்கி அள்ளினார். வரி வாங்கும் தண்டல்காரர் குழைக்காதர் தொட்டியைப் பார்த்து லேசாக இருமினார். அந்த இருமல் சாத்தப்பனுக்குச் சந்தை முடியும் வரை காதில் கேட்டது.

அடுத்த வாரம் கையில் துணி சுற்றிக்கொண்டு, வாதம் வந்துவிட்டது, விரல் மடங்கவில்லை என்றார். குழைக்காதர் உண்மையாகவே பதறிப்போய் நொச்சியிலைத் தைலம் கொண்டுவந்து அரைமணி நேரம் தேய்த்துவிட்டார். அதற்குள் சந்தையில் பாதி வியாபாரம் முடிந்துபோயிற்று.

மூன்றாவது வாரம் மனைவி உமையாளைக் கூட்டிவந்தார். உமையாளின் கை சின்னஞ்சிறியது. இனி இவள்தான் பிடி போடுவாள் என்றார். உமையாள் பொதிக்குள் கைவிட்டு ஒரு பிடி போட்டாள். சின்னதாகத் தெரிந்ததால் இன்னொரு பிடி போட்டாள். கழுதை நடக்கப் பாலம் போட்டிருக்கிறார்களே என்று நினைத்து மூன்றாவதும் போட்டாள்.

"என்ன உமையா இது?" என்று கத்தினார் சாத்தப்பன்.

"என்னங்க, ஊருக்குக் குடுக்கறதுல போய்க் கஞ்சத்தனமா?" என்றாள் அவள், கையைத் தட்டிவிட்டுக்கொண்டே.

இதற்கு மேல் பொறுக்க முடியாது என்று சாத்தப்பன் நேரே அரண்மனைக்குப் போனார்.

போனவர் முதலில் அமைச்சரிடம் கேட்டார். "நான் போட்ட பிடியெல்லாம் எங்கேங்க போகுது?"

"ஊருக்குத்தான் போகிறது" என்றார் அமைச்சர்.

"ஊருல எங்கே?"

"வேலை நடந்துகொண்டிருக்கிறது."

"என்ன வேலை?"

"உமக்கெல்லாம் கணக்குச் சொல்ல வேண்டுமா?" என்றார் அமைச்சர்.

அப்போது உள்ளே இருந்து கிளியின் சத்தம் கேட்டது. சாத்தப்பன் எட்டிப் பார்த்தார். கிளி ஆடிக்கொண்டிருந்தது. ஊஞ்சல் வெள்ளி. சங்கிலியும் வெள்ளி. போன மாசி மாதம் வரை அந்தக் கிளி வெறும் கம்பில் உட்கார்ந்திருந்தது ஊருக்கே தெரியும். அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

அரசன் முன்னால் போய் நின்று சொன்னார். "மகாராசா, இந்த வரி எனக்கு வேண்டாம். உங்க பாலம் வேண்டாம், ஆத்துல இறங்கி நடந்துக்குவேன். உங்க ஏரி வேண்டாம், கிணறு வெட்டிக்குவேன். உங்க காவல் வேண்டாம், எனக்கும் ரெண்டு கண்ணு இருக்கு. ஒருத்தன் சம்பாத்தியத்துல இன்னொருத்தன் கையை விடறது என்னங்க நியாயம்?"

சபையில் இருந்தவர்கள் மூச்சை அடக்கிக்கொண்டார்கள். அரசனுக்கோ கண்கள் மின்னின. பந்தய வாசனை அடித்தால் அவனுக்கு அப்படித்தான் ஆகும்.

"செட்டியாரே, ஒரு வருஷம். அடுத்த தை முதல் நாள் வரைக்கும் நீரும் உம் வீட்டாரும் என் பாலத்தில் கால் வைக்கக் கூடாது, ஏரித் தண்ணீரைத் தொடக் கூடாது, என் காவலரைக் கூப்பிடக் கூடாது. வரியும் தர வேண்டாம். அப்படி வாழ்ந்து காட்டிவிட்டால் நீர் சொல்வதுதான் சரி. உமக்கு மட்டுமில்லை, நாடு முழுவதற்கும் வரியை எடுத்துவிடுகிறேன்."

"தோத்துட்டா?"

"தோற்றால் ஆயுசுக்கும் நீர்தான் பூவணையின் தண்டல்காரர்."

சாத்தப்பன் ஓர் அடி பின்வாங்கினார். தண்டல்காரனைக் கண்டாலே அவருக்கு ஆகாது. அதைவிடக் கழுதையாகப் பிறக்கலாம் என்று நினைக்கிறவர். ஆனால் வெளியே செய்தி பரவி, ஊரே வாசலில் கூடி, "சாத்தப்பச் செட்டியார் வாழ்க" என்று கத்தியது. வரி போகிறது என்றால் யாருக்குத்தான் ஆசை இருக்காது? சாத்தப்பன் மீசையைத் தடவிக்கொண்டு, சம்மதம் என்றார்.

இப்போது வேடிக்கையைக் கேளுங்கள்.

முதல் சந்தைநாளில் கழுதைகளை ஆற்றில் இறக்கினார். பதினோரு கழுதை அக்கரை ஏறியது. பன்னிரண்டாவது நடு ஆற்றில் உட்கார்ந்துகொண்டது. இழுத்து, தள்ளி, கெஞ்சிக் கரையேற்றியபோது பொதி முழுவதும் நனைந்து, இரண்டு நாளில் அத்தனை பச்சைப்பயறும் முளைவிட்டது. "முளைப்பயறு உடம்புக்கு நல்லது" என்று கூவிப் பாதி விலைக்கு விற்றார்.

வீட்டுக்குப் பின்னால் கிணறு வெட்டினார். தண்ணீர் வந்தது, உப்பாக வந்தது. உப்புத் தண்ணீரில் பருப்பு வேகாது என்று உங்களுக்கே தெரியும். ஊருக்கெல்லாம் பருப்பு விற்கிற வீட்டில் மூன்று மாதம் பருப்பு வேகவில்லை. உமையாள் விறகு அடுக்கி அடுக்கிச் சலித்துப்போய், ஒருநாள் தட்டில் பருப்பை அப்படியே கொட்டினாள். அது கூழாங்கல் போலச் சத்தம் போட்டது.

காவலர் இவர்கள் தெருவை மட்டும் விட்டுவிட்டுச் சுற்றினார்கள். ஆகவே இரவெல்லாம் கிடங்கை அவரே காவல் காத்தார். பகலில் கடையில் தராசைப் பிடித்தபடி தூங்கினார். உளுந்து வாங்க வந்தவர்கள் தாங்களே நிறுத்து எடுத்துக்கொண்டு, அவர் மடியில் காசை வைத்துவிட்டுப் போனார்கள். நல்ல ஊர் என்பதால் பிழைத்தார்.

ஆனாலும் சாத்தப்பன் அசரவில்லை. அசருகிற ஆளாக இருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும். சித்திரையில் ஆட்களை வைத்து, ஆற்றின் மேல்துறையில் தானே ஒரு பாலம் கட்டினார். பனைமரத்தைப் பிளந்து செய்த வாரைகளை வரிசையாக அடுக்கி, இரண்டு கரைக்கும் தடித்த புரிக்கயிறு இழுத்துக் கட்டிய பாலம். அரசனின் பாலம் கீழ்த்துறையில் இருந்தது. இவருடையது அதைவிடக் குறுகல், ஆனால் தன்னுடையது. அதன்மேல் முதல்முறை நடந்தபோது அவருக்கு வாயெல்லாம் பல்.

அந்தப் பாலத்தால் இன்னொன்றும் நடந்தது. மேல்துறைப் பக்கத்துச் சிற்றூர்களுக்குச் சந்தைக்கு அதுதான் குறுக்கு வழி. தவிர, அங்கே வரி கிடையாது. ஒருவர் வந்து, போகலாமா என்று கேட்டார். தாராளமாகப் போங்கள் என்றார் சாத்தப்பன். மறுநாள் பத்துப் பேர் வந்தார்கள். மறுவாரம் நூறு பேர். கழுதை போயிற்று, மாடு போயிற்று, இரண்டு மாதத்தில் ஒரு கல்யாண ஊர்வலமே மேளத்தோடு போயிற்று. வாழ்த்துகிறவர்கள் வாழ்த்திக்கொண்டே போனார்கள்.

பனைவாரை தேய்ந்தது. இரண்டு வாரை பிளந்தது. கயிற்றில் பிசிறு தெரிந்தது. சாத்தப்பன் உட்கார்ந்து யோசித்தார். நடக்கிறவர்கள் நூறு பேர். செப்பனிடுகிறவன் நான் ஒருவனா? அது என்ன நியாயம்?

மறுநாள் பாலத்து முகப்பில் ஒரு கூடை வைத்தார். "மராமத்துக்காகங்க. பொதிக்கு ஒரு பிடி போட்டுட்டுப் போங்க" என்றார்.

சொன்ன பிறகுதான் தன் வாயிலிருந்து வந்தது என்னவென்று அவருக்கே உறைத்தது. இது வரி இல்லை, இது வேறு என்று தனக்குத் தானே இரண்டு தரம் சொல்லிக்கொண்டார்.

ஜனங்கள் போட்டார்கள். எப்படிப் போட்டார்கள் தெரியுமா? விரலைப் பாதி மடக்கிப் போட்டார்கள். கையில் துணி சுற்றிக்கொண்டு வந்தார்கள். ஒருவன் தன் கைக்குழந்தையின் கையைப் பொதிக்குள் விட்டு, நாலே நாலு நெல்லை எடுத்துப் போட்டுவிட்டுப் பெருமையாகப் போனான்.

சாத்தப்பனுக்கு ஆத்திரம் பொங்கியது. "இனிமே உங்க கையெல்லாம் செல்லாது. என் கைதான் அளவு" என்று சொல்லி, அந்த முறம் போன்ற கையைப் பொதிக்குள் விட்டு அள்ளத் தொடங்கினார். குறுக்கு வழி வேண்டும் என்பதால் ஜனங்களும் முணுமுணுத்துக்கொண்டே பொறுத்துக்கொண்டார்கள்.

கூடை நிறைந்தது. கூடை போய்க் குதிர் வந்தது. இவ்வளவு இருக்கும்போது கயிற்றை அடுத்த வாரம் மாற்றலாம் என்று நினைத்தார். ஆவணியில் அதிலிருந்து கொஞ்சம் விற்று, தனக்கு ஒரு சரிகைத் தலைப்பாகை வாங்கினார். பாலம் கட்டியவன் தலை வெறுமையாக இருந்தால் நன்றாகவா இருக்கும்? புரட்டாசியில் இன்னும் நிறைய விற்று உமையாளுக்குத் தங்க ஒட்டியாணம் செய்தார். பருப்பு வேகாமல் கஷ்டப்பட்டவள், பாவம். கயிறு அடுத்த மாதம்.

அங்கே கொம்பாயி என்று ஓர் அவல்காரி தினமும் வருவாள். தலையில் கூடை, இடுப்பில் கை, பேச்சில் பயம் கிடையாது. ஆவணியில் ஒருநாள் அவள் நின்று கேட்டாள்.

"செட்டியாரே, போன மாசம் பூரா அள்ளுனீங்களே, என் அவல், அது எங்கே?"

"பாலத்துக்குத்தான் கொம்பாயி."

புரட்டாசியில் மறுபடி கேட்டாள். "பாலத்துல எங்கே செட்டியாரே? பிளந்த வாரை பிளந்தபடி கெடக்குதே."

"வேலை நடந்துக்கிட்டிருக்கு."

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. ஆறு செம்மண் நிறத்தில் ஏறியது. கொம்பாயி கூடையை இறக்கி வைத்துவிட்டு, கயிற்றை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, மூன்றாவது தடவையாகக் கேட்டாள். "எங்க வீட்டுக்காரர் கயிறு திரிக்கிறவர். அதனால சொல்றேன். இது கார்த்திகை தாங்காது. என் அவல் எங்கே போச்சு?"

"உனக்கெல்லாம் கணக்குச் சொல்லணுமா?" என்றார் சாத்தப்பன்.

கொம்பாயி அவருடைய தலைப்பாகையை ஒருமுறை பார்த்தாள். கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு, குறுக்கு வழியை விட்டுக் கீழ்த்துறைப் பாலத்துக்கு நடந்தாள். அது ஒரு நாழிகை நடை. அன்று முதல் அவள் இந்தப் பக்கம் வரவில்லை.

சாத்தப்பனுக்கு எங்கேயோ குத்தியது. இந்தப் பதிலை நாம் எங்கேயோ கேட்டிருக்கிறோமே என்று தோன்றியது. ஆனால் தை மாதத்துக்கு இன்னும் இரண்டரை மாதம்தான். இந்த நேரத்தில் பாலத்தை மூடிக் கயிறு மாற்றினால் ஆற்றை எப்படிக் கடப்பது? பந்தயம் முடியட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்.

கார்த்திகையில் ஒருநாள் நண்பகல். அக்கரையில் தம்பி வீட்டுக்குப் போயிருந்த உமையாள், பன்னிரண்டாவது கழுதைமேல் ஏறித் திரும்பி வந்துகொண்டிருந்தாள். தம்பி மனைவியிடம் காட்டுவதற்காக ஒட்டியாணத்தைக் கட்டிக்கொண்டு போயிருந்தாள். சாத்தப்பன் இக்கரையில் நின்று கையாட்டினார். உமையாளும் கையாட்டினாள். அந்த நேரம் பார்த்துக் கயிறு அறுந்தது.

பாலம் ஒரு பக்கமாகக் கவிழ்ந்தது. வாரையும் கழுதையும் உமையாளும் வெள்ளத்தில் விழுந்தார்கள். இந்தத் தடவை கழுதை உட்காரவில்லை, நீந்தியது. உமையாள் அதன் வாலைப் பிடித்துக்கொண்டாள். வெள்ளம் இரண்டு பேரையும் கீழ்த்துறைப் பக்கமாக அடித்துக்கொண்டு போயிற்று.

சாத்தப்பன் கரையோடு ஓடினார். தலைப்பாகை எங்கே விழுந்தது என்று தெரியாது. "உமையா, உமையா" என்று அலறிக்கொண்டு, முள்ளிலும் சேற்றிலும் விழுந்து எழுந்து ஓடினார். வாழ்நாளில் அவர் அப்படிப் பயந்ததில்லை. பந்தயமாவது, வரியாவது, அவள் ஒருத்தி பிழைத்தால் போதும் என்று அழுதுகொண்டே ஓடினார்.

கீழ்த்துறையில் அரசனின் பாலம் கல்தூண்மேல் அசையாமல் நின்றது. மழைக்காலம் முழுவதும் அங்கே இரண்டு காவலர் பரிசலோடும் வடக்கயிற்றோடும் காத்திருப்பார்கள். எதற்கு அந்த வெட்டிச் செலவு என்று சாத்தப்பனே பலமுறை கேட்டிருக்கிறார். அந்தக் காவலர்கள் பரிசலைத் தள்ளினார்கள். குழைக்காதர் பாலத்தின் நடுவில் நின்று வடத்தை வீசினார். சாத்தப்பனும் ஓடிப்போய் அவரோடு சேர்ந்து வடத்தைப் பிடித்து இழுத்தார். உமையாள் வடத்தைப் பிடித்துப் பாலத்தின்மேல் ஏறினாள், கழுதை பரிசலோடு கரையேறியது.

இரண்டு வாய்த் தண்ணீரைத் துப்பியதும் உமையாள் பேசிய முதல் பேச்சு இதுதான். "அந்த ஒட்டியாணத்தை ஆத்துலயே கழட்டி விட்டுட்டேன். கயித்துக் காசை இடுப்புல கட்டிக்கிட்டுப் போனா, அது கீழேதான் இழுக்குது."

சாத்தப்பன் அவளைக் கட்டிக்கொண்டு அழுதார். பக்கத்தில் ஆட்கள் நிற்கிறார்களே என்ற வெட்கம்கூட அவருக்கு வரவில்லை.

அழுது முடித்துத் தலையைக் குனிந்தபோதுதான் கண்டார். அவருடைய கால்கள் இரண்டும் அரசனின் பாலத்தின்மேல் இருந்தன.

குழைக்காதரும் அதைப் பார்த்திருந்தார். வரி போனால் பிழைப்புப் போகிற மனிதர் அவர். ஒரு வார்த்தை அரண்மனையில் சொன்னால் போதும். ஆனால் அவர் முகத்தை வானத்துப் பக்கம் திருப்பிக்கொண்டார். "நான் மேகத்தைப் பாத்துக்கிட்டிருக்கேன் செட்டியாரே. எனக்கு ஒண்ணும் தெரியாது. நீங்க அம்மாவைக் கூட்டிக்கிட்டு வீட்டுக்குப் போங்க" என்றார். காவலர்களும் மேகத்தைப் பார்த்தார்கள். அவ்வளவு அழகான மேகமாம்.

தை முதல் நாள் வந்தது. அரண்மனை முற்றத்தில் எள் விழ இடமில்லை. சாத்தப்பன் கழுத்தில் மாலைமேல் மாலையாகப் போட்டார்கள். காது வரை மாலை ஏறிவிட்டது. இவரால் வரி போகப் போகிறதே!

அரசன் எழுந்தான். பந்தயத்தில் தோற்கிறோமே என்று அவன் முகம் சுண்டியிருந்தது. ஆனாலும் சொன்ன சொல்லை மாற்றாதவன். "செட்டியாரே, ஒரு வருஷம் என் பாலமும் ஏரியும் காவலும் இல்லாமல் வாழ்ந்தீரா?" என்று கேட்டான்.

"வாழ்ந்தார், வாழ்ந்தார்" என்று ஜனங்களே கூவினார்கள். பறையடிக்கிறவன் கோலை ஓங்கிவிட்டான்.

வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். சாத்தப்பன் ஜெயித்தவர். ஆயுள் முழுவதும் வரி இல்லை, போகிற இடமெல்லாம் மாலை. பார்த்த மூன்று பேரும் சொல்லப் போவதில்லை. குழைக்காதர் ஓர் ஓரமாக, நாளையிலிருந்து என்ன வேலை செய்வது என்ற யோசனையோடு நின்றார். உமையாள் கூட்டத்தில் இருந்தாள். அவள் கண்ணைக் காட்டவும் இல்லை, தலையை ஆட்டவும் இல்லை. அவர் என்ன சொல்கிறார் என்று காத்திருந்தாள்.

அடுத்த கார்த்திகையும் வருமே என்று சாத்தப்பன் நினைத்தார். அன்றைக்கு யார் வீட்டு உமையாள் ஆற்றில் விழுவாளோ, அப்போது வடம் வீச யார் இருப்பார்கள்? மாலைகளைக் கழற்றிக் கீழே வைத்தார்.

"தோத்துட்டேன் மகாராசா."

சாத்தப்பன் எல்லாவற்றையும் சொன்னார். வேகாத பருப்பு, கட்டிய பாலம், வைத்த கூடை, தன் கையால் அள்ளிய பிடி, தலைப்பாகை, ஒட்டியாணம், அறுந்த கயிறு, உங்கள் பாலத்தில் நின்று உங்கள் வடத்தை இழுத்தேன் என்பது வரை ஒன்றையும் மறைக்கவில்லை. கூட்டம் பெருமூச்சு விட்டது. யாரோ ஒருவன் போட்ட மாலையைத் திரும்ப எடுத்துக்கொண்டான்.

அரசன் ஜெயித்த சந்தோஷத்தில் தொடையைத் தட்டினான். "அப்படியானால் நான் செய்ததெல்லாம் சரிதானே?"

"பாதி சரி மகாராசா" என்றார் சாத்தப்பன். "எல்லாரும் நடக்கற பாலத்துக்கு எல்லாரும்தான் குடுக்கணும். அதுல நான் தப்பு. ஆனா என் பிடி எங்கேன்னு கேட்டப்ப யாரும் பதில் சொல்லலை. நான் ஒட்டியாணம் செஞ்சேன். நீங்க ஊஞ்சல் செஞ்சீங்க. என் கயிறு அறுந்துபோச்சு. உங்க கயிறு இன்னும் அறுந்துபோகலை, அவ்வளவுதான் வித்தியாசம்."

அமைச்சருக்கு வியர்த்தது. காவலர்கள் ஈட்டியைப் பிடித்தபடி ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அரசனின் முகம் சிவந்தது, பிறகு வெளுத்தது. அப்புறம் மெதுவாக எழுந்து உள்ளே போய், வெள்ளி ஊஞ்சலைத் தன் கையாலேயே கழற்றிக் கொண்டுவந்து சபையின் நடுவில் வைத்தான். கிளிக்குப் பழைய கம்பு கிடைத்தது. அதற்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை என்பதுதான் வேடிக்கை.

அந்த வெள்ளியை விற்று மேல்துறையில் கல்பாலம் கட்டத் தொடங்கினார்கள். குழைக்காதரை அதற்குக் காவல் தலைவராக வைத்தார்கள். பிடி பழையபடி கொடுக்கிறவர் கையால்தான் என்று அரசன் மறுபடியும் பறையறைவித்தான். அதோடு புதிதாக ஒரு விதியும் சேர்த்தான். என் பிடி எங்கே என்று யார் கேட்டாலும், தண்டல்காரர் அவரை நேரில் கூட்டிப்போய்க் காட்ட வேண்டும்.

தண்டல்காரர் யார்? நம் சாத்தப்பன்தான். பந்தயம் பந்தயமல்லவா?

முதல்நாள் முதல் ஆளாகக் கொம்பாயி வந்து நின்றாள். அவலில் ஒரு பிடி எடுத்தாள். பிடியா அது? ஒரு குருவி கொத்துகிற அளவு. அதைத் தொட்டியில் போட்டுவிட்டு இடுப்பில் கையை வைத்தாள்.

"இது எங்கே போகும் செட்டியாரே?"

சாத்தப்பன் இந்தத் தடவை வாயால் பதில் சொல்லவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு, "வா, காட்டறேன்" என்றார். அவளை ஏரிக்கரைக்கு அழைத்துப்போனார். புதிதாக மாற்றிய மதகுப் பலகையைக் காட்டினார். அங்கிருந்து காவல் சாவடிக்கு. அங்கிருந்து மேல்துறைக்கு, எழும்பிக்கொண்டிருந்த கல்தூணுக்கு. வெயில் கொளுத்தியது. கொம்பாயி ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்தாள், தடவிப் பார்த்தாள், கொத்தனாரிடம் இரண்டு கேள்வியும் கேட்டாள். வடக்கயிற்றைத் தன் வீட்டுக்காரரிடம் வாங்கியிருக்கலாமே என்று ஒரு குறையும் சொன்னாள்.

இருவரும் திரும்பி வரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. சாத்தப்பனுக்குக் கால் இரண்டும் கொப்புளம். கொம்பாயி கூடையைத் தூக்கப் போனவள், நின்றாள். யாரும் கேட்கவில்லை, யாரும் இருமவில்லை. அவளாகவே கூடைக்குள் கைவிட்டு, விரலிடுக்கில் வழிய வழிய ஒரு பிடி அள்ளித் தொட்டியில் போட்டுவிட்டு, பாலத்தில் ஏறி நடந்தாள்.

கேட்டீர்களா? இதிலிருந்து அறிய வேண்டியது ஒன்றுதான்: எல்லாருக்கும் பயன்படுவதற்கு எல்லாரும் கொடுப்பது நியாயம், கொடுத்தது எங்கே போயிற்று என்று காட்டுவது வாங்கியவரின் கடமை.